இரவல் மாப்பிள்ளை

தூய தமிழில் பேசினால் உலகில் ஒருவருக்கும் தீங்கு வராது என்று நம்பியிருந்தவன் நான். அந்த நம்பிக்கை நான்கு வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, சிட்னியில் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காலை பத்து மணிக்குச் சற்று முன்னதாகப் போய்விட்டது. போகிற போக்கில் என் அக்காவின் கல்யாணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐரோப்பிய உதைபந்தாட்டத்தைப் பார்ப்பதைவிட அதன் செய்திகளைப் படிப்பதில்தான் பைத்தியம். அவர்கள் விளையாடும் நேரம் எங்களுக்கு நித்திரை நேரம். ஆகவே நான் ஆட்டம் பார்க்காத ரசிகன். காலையில் செவன் ஹில்ஸில் ரயில் ஏறினால் இறங்கும்வரை யாருக்குப் பின்தொடை பிடித்திருக்கிறது, யாருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையை எந்தக் கிளப் கண் வைத்திருக்கிறது என்று படித்துக்கொண்டே போவேன். (எங்கள் கிளப் எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.)

படிப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நானும் என் நண்பன் வசியும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். வீரர்கள் கிளப் மாறும் செய்திகளும் காயப்பட்டியலும் மட்டும்தான் அதில் வரும். அதற்கு ஒரே ஒரு சட்டம்: ஓர் ஆங்கிலச் சொல்லும் நுழையக்கூடாது. ஒரு வீரரின் ஏஜன்ட் என்றால் எங்களுக்குத் ‘தரகர்’. ஒரு கிளப் தன் இளம் வீரரை ஆறு மாதத்துக்கு, ஒரு வருடத்துக்கு என்று இன்னொரு கிளப்புக்கு லோனில் கொடுத்தால் அது ‘இரவல்’. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்த அன்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். குழுவில் மெல்பேர்னிலிருந்தும் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள் என்பதால், அவுஸ்திரேலியாத் தமிழ் உலகமே என்னைக் கவனிக்கிறது என்று எனக்குள் ஓர் எண்ணம் வேறு.

இனி அக்கா. அக்கா உயர்தரப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறாள். வந்த சம்பந்தங்களையெல்லாம் வீட்டுப்பாடம் திருத்துவதுபோல் சிவப்பு மையால் அடித்துத் தள்ளியவள், முப்பத்தொரு வயதில், மெல்பேர்னில் ட்ருகனினாவில் இருக்கும் குகன் என்பவருடன் மூன்று மாதம் தொலைபேசியில் கதைத்துவிட்டு, “அவையள வரச் சொல்லுங்கோ” என்றாள். அம்மா அன்றைக்கு ஆனந்தத்தில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். முதலில் பெரியவர்கள் வந்து பார்ப்பது, பிறகு மாப்பிள்ளை வருவது என்று பேச்சு. குகனின் அம்மாவும் அம்மாவின் அண்ணனான அங்கிளும் சனிக்கிழமை காலை விமானத்தில் வருவதாக இருந்தது. அவர்களைக் கூட்டி வரும் பொறுப்பும், வழியில் வென்ட்வேர்த்வில்லில் சொல்லி வைத்த ரோல்ஸையும் வடையையும் எடுத்து வரும் பொறுப்பும் எனக்கு. “வேற ஒண்டும் செய்யாதை, வாயைத் திறக்காதை” என்று அக்கா மூன்று தரம் சொன்னாள்.

ஆனால் அதே காலைதான் ஐரோப்பாவில் வீரர்களை வாங்கும் விற்கும் சந்தை மூடுகிற நாள். லண்டனில் வெள்ளி இரவு பதினொரு மணி என்றால் சிட்னியில் சனி காலை பத்து. எங்கள் கிளப் எமில் என்ற பத்தொன்பது வயது டென்மார்க் பின்கள வீரரை எடுப்பதா விடுவதா என்று கடைசி நிமிடம்வரை இழுத்துக்கொண்டிருந்தது. முடிவு எங்கள் கையில்தான் இருப்பதுபோல் குழுவும் வாதாடிக்கொண்டிருந்தது. அக்காவின் எதிர்காலம் ஒரு பக்கம், எமிலின் எதிர்காலம் ஒரு பக்கம் என்று என் மனம் ஊசலாடியது. (உண்மையைச் சொன்னால் அவ்வளவாக ஊசலாடவில்லை. எமில் பக்கமே நின்றது.)

விமான நிலையத்தில் இருவரையும் கண்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. குகனின் அம்மா மெலிந்த, கூச்சமான மனுஷி. மடியில் ஒரு பலகாரப் பெட்டியை வைத்துப் பின் இருக்கையில் அமர்ந்து, “தம்பிக்குக் கரைச்சல் குடுத்திட்டம்” என்று பத்துத் தரம் சொன்னார். அங்கிள் முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். வென்ட்வேர்த்வில்லில் கடைக்கு நேர் முன்னாலேயே கார் நிறுத்த இடம் கிடைத்தது. பெப்ரவரி வெயில். அவர்களுக்கு ஏசி இருக்கட்டும் என்று காரை ஓடவிட்டு, நான் மட்டும் இறங்கிக் கடை வாசல் வரிசையில் நின்றேன்.

நேரம் ஒன்பது ஐம்பது. வசியிடமிருந்து ஒரு குரல் செய்தி. தட்டினேன். சத்தம் வரவில்லை. ஒலியைக் கூட்டி மறுபடி தட்டினேன். இல்லை. கூட்டக்கூடிய எல்லைவரை கூட்டி மூன்றாம் தரம் தட்டி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. போன் பழுது என்று முடிவு கட்டி, ரோல்ஸை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

போன் பழுது இல்லை. கார் வாங்கி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. போனைக் காரோடு இணைத்துவிட்டால், நாம் இறங்கிப் போனாலும் அது காரையே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் மூன்று தரம் தட்டிய செய்தி, சாத்திய கண்ணாடிகளுக்குள், காரின் ஆறு ஒலிபெருக்கிகளிலும் மூன்று தரம் முழங்கியிருக்கிறது. மூன்றாவது தரம் உச்சக் குரலில். வசி சொன்னது இதுதான்:

“மச்சான், இந்தப் பெடியன் எங்களுக்கு வேண்டாம். ஆள் நல்ல உயரம், ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனா முழங்கால் ரெண்டுதரம் வெட்டித் தைச்சது. தாய்தான் தரகர். தாய் லேசுப்பட்ட ஆள் இல்லை, எல்லாத்தையும் மூடி மறைச்சு எங்கட தலையில கட்டப் பாக்கிறா. வேணுமெண்டா ஆறு மாசம் இரவலா எடுத்துப் பாப்பம். சரிவராட்டித் திருப்பி அனுப்புவம். பத்து மணிக்குள்ள முடிவைச் சொல்லு.”

இதில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் காட்டுங்கள். ‘லோன்’ என்றோ ‘ஏஜன்ட்’ என்றோ ஒரு சொல் வழுக்கி விழுந்திருந்தால் போதும், அவர்கள் ஏதோ விளையாட்டுக் கதை என்று விட்டிருப்பார்கள். எங்கள் சட்டத்தை வசி அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தான்.

நான் சிரித்த முகத்துடன் ஏறிக் காரை எடுத்தேன். பின்னால் ஒரே அமைதி. களைப்பாக்கும் என்று நினைத்தேன். சற்றுத் தூரம் போனதும் அங்கிள் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“தம்பி, இரவல் எண்டு நீங்கள் எதைச் சொல்லுறனீங்கள்?”

என் நெஞ்சு விம்மியது. மெல்பேர்னில் இருக்கும் ஒரு பெரியவரின் காதுவரை என் சொல் போயிருக்கிறதே! குழுவில் யாரோ காட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா வாயைத் திறக்க வேண்டாம் என்றது மறந்தே போனது.

“அது அங்கிள், நாங்கள் ஒரேயடியாக எடுக்கிறேல்லை. முதல் ஆறு மாசம் வச்சுப் பாப்பம். பிடிச்சா வச்சிருப்பம், இல்லாட்டி அனுப்பிப் போடுவம். இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். பெடியனுக்கும் நல்லதுதானே, நாலு இடம் பார்த்த அனுபவம் வரும்.”

“நாலு இடமோ?” என்றார் அங்கிள்.

“சில பேர் ஏழெட்டு இடமும் போறவை.”

அங்கிள் கண்ணை மூடித் திறந்தார். “முழங்கால் விசயம் உங்களுக்கு ஆர் சொன்னது?”

“அது ஊருக்கே தெரியும் அங்கிள். இன்ரநெற்றில கிடக்கு.”

அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. “தம்பி, எங்களைத் திரும்ப எயார்போட்டில கொண்டுபோய் விடுறீங்களோ?”

“ஏதும் மறந்துபோட்டு வந்திட்டீங்களோ அன்ரி?” என்று கேட்டேன். (ஆம், கேட்டேன்.) கண்ணாடியில் பார்த்தபோதுதான் அவர் அழுவது தெரிந்தது. வீடு ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அங்கே போவது என்பதால் அங்கேயே போனேன்.

வாசலில் அம்மா பட்டுச் சேலையுடன் நின்றார். அன்ரி காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என்னைப் பெற்றதற்கே அவர் வருந்தியது தெரிந்தது. அக்கா படியிறங்கி வந்து, கார்க் கதவைத் திறந்து குனிந்தாள்.

“என்ன நடந்தது அன்ரி?”

“உங்கட தம்பியாக்கள் எங்கட பிள்ளையை ஆறு மாசம் இரவலா எடுத்துப் பாக்கினமாம். நான் மூடி மறைக்கிறனாம். இண்டைக்கு உங்களிட்டைச் சொல்லத்தான் வந்தனான் பிள்ளை. சத்தியமாச் சொல்லத்தான் வந்தனான்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னால் தெரியவந்தபடி, குகனுக்கும் முழங்கால் இரண்டு தரம் வெட்டியிருந்தது. உளறிக்கொட்டி, அந்தச் செய்தியை நானே காருக்குள் நாலாம் தரமாக முழங்கவிட்டு, குழுவில் இருந்த எமிலின் படத்தை நீட்டினேன். அங்கிள் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார்.

“தங்கச்சி, இது வெள்ளைக்காரப் பெடியன்” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழெட்டு இடம், ஏழெட்டு இடம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரித்தார். நான் அசடு வழிந்தேன்.

அன்ரி சிரிக்கவில்லை. படத்தை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன வயசு?” என்று கேட்டார். பத்தொன்பது என்றேன்.

“குகனுக்கும் முதல் வெட்டேக்க பத்தொன்பது. ஒரு வருசம் அறைக்குள்ளயே கிடந்தவன். கூட விளையாடின பெடியள் முதல் கிழமை வந்தாங்கள், பிறகு வரேல்லை. ஏன் வரேல்லை எண்டு யோசிச்சிருக்கிறன். இப்பிடித்தான் கதைச்சிருப்பாங்கள்.” என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “இந்தப் பிள்ளையின்ர தாய் மறைக்கேல்லைத் தம்பி. பயந்திருப்பா. மறைக்கிறது வேற, பயப்பிடுறது வேற.”

அத்தனை வருடமும் நான் ரயிலில் இருந்து படித்த முழங்கால்கள் எத்தனை! ‘இவன் கதை முடிஞ்சுது’ என்று சிரித்த முகம் போட்டு நான் எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர்! அவற்றில் ஒரு காலுக்காவது ஒரு தாய் இருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா காருக்குள் ஏறி அன்ரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அன்ரி, குகன் எனக்கு முதல் நாளே சொல்லிப்போட்டார். காலை மடிச்சுச் சப்பாணி கட்டி இருக்க ஏலாது, படி இறங்கேக்க நோகும், குளிருக்கு இன்னும் நோகும் எண்டு எல்லாம் சொன்னவர். அம்மாவுக்குத்தான் இது பெரிய கவலை, அவவே சொல்லட்டும், தெரியாத மாதிரிக் கேளும் எண்டும் சொன்னவர்.” அன்ரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பலகாரப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கல்யாணம் அடுத்த வருடம் நடந்தது. அத்தானாகிவிட்ட குகன் சிட்னிக்கு வரும்போதெல்லாம் அங்கிள் தொலைபேசியில் அழைத்து, “என்ன, இன்னும் திருப்பி அனுப்பேல்லையோ?” என்று கேட்பார். அத்தானும், “அனுபவம் காணாதாம் மாமா” என்பார். இது எங்கள் குடும்பத்தில் நான் சாகும்வரை ஓடும்.

ஆனால் அன்ரிதான் என்னை விட்டபாடில்லை. எமிலை அன்றைக்கு எங்கள் கிளப் எடுக்கவில்லை, வேறொரு கிளப் எடுத்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் என்னை அழைத்து, நான் சுகமா என்று கேட்பதற்கு முன்னரே “அந்தப் பெடியன்ர கால் எப்பிடி?” என்று கேட்பார். ஓவ்சைட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எமில் எத்தனை நிமிடம் ஓடினார் என்று மட்டும் சொல்ல வேண்டும். போன வருடம் மூன்றாம் தரமும் அந்த முழங்கால் போனது. குழுவில் வசி ‘முடிஞ்சுது’ என்று எழுதினான். நான் அதை அழித்துவிட்டேன். அன்ரியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துச் சொன்னேன். அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை நான் மெல்பேர்ன் போயிருந்தபோது, காலையிலேயே என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டினார். ஐயர் பெயர் கேட்டார்.

“எமில்.”

“எழிலோ?”

அன்ரி ஒரு கணம் யோசித்தார். “ஓம் ஐயர், எழில்.” நான் வருடக்கணக்காகத் தமிழாக்கியதெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு!

“நட்சத்திரம்?”

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். எமிலின் உயரம் எனக்குத் தெரியும். எடை தெரியும், எந்தக் கால் பலம் என்று தெரியும், ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்றுகூடத் தெரியும். நட்சத்திரம் தெரியாது. நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த அன்ரி ஐயரிடம் திரும்பினார்.

“அவற்ர தெரியேல்லை ஐயர். என்ர மகன்ர நட்சத்திரத்தையே சொல்லுங்கோ. சித்திரை. ரெண்டுபேருக்கும் ஒரே வருத்தம்தான்.”