அப்பா பக்கத்து பிரேக்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அண்ணியும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். இந்த வரி வரைக்கும் அப்பா படித்தாலும் பாதகமில்லை. இதற்குக் கீழே உள்ளதை நீ மட்டும் படி. ஃபோனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் ஃபோன் என்பது சாப்பாட்டு மேஜை நடுவில் ஸ்பீக்கரில் போட்டு வைக்கும் பொருள். மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாலும் அம்மா பின்னாலேயே வந்து, "யாரு, அண்ணனா? குடு" என்று வாங்கிவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

நீ இங்கே விட்டுப் போன உன் வண்டி நலம். நேற்று இரண்டு முறை கழுவினோம். ஏன் கழுவினோம் என்பதுதான் விஷயம்.

எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். ஏரி, குட்டை, கிணறு என்று தேடிப் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருகிறவர்களுக்கு ஆபீஸ் ஜீப் உண்டு, டிரைவர் கிடையாது. வரும் திங்கட்கிழமை மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை மண்பாதையில் ஓட்டச் சொல்லிப் பார்ப்பாராம். தேறினால் வெளிவேலை. தேறாவிட்டால் ஜன்னல் இல்லாத பின்னறையில் மற்றவர்கள் பிடித்து வந்த பாட்டில்களைக் கழுவும் பிரிவு. அதில் போட்டால் பிறகு அங்கேயேதான் ஓய்வு பெற வேண்டுமாம். இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தப்பு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் செய்தித்தாளைத் திட்டிக்கொண்டிருந்த அப்பா, அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டுப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, "ஊருக்கே சொல்லிக் குடுத்திருக்கேன், என் பொண்ணுக்கு வேற எவன் சொல்லிக் குடுக்கறது?" என்று கிளம்பிவிட்டார்.

இப்போது நீ உட்கார்ந்துகொள். பயிற்சிப் பள்ளிக் காரில் அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே மிதிக்க ஒரு பிரேக் இருக்குமே, அந்தக் காரை விற்றபோது அந்த பிரேக்கை மட்டும் விற்காமல் கழற்றிப் பரணில் வைத்திருந்திருக்கிறார். உன் வண்டியில் அதை மெக்கானிக்கை வைத்துப் பொருத்திவிட்டார். உன்னிடம் கேட்கவில்லை. "அவன் வண்டின்னா என்ன, உயிரு எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வற்றிப்போன ஏரிக்குப் போனோம். நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மா. அம்மா எதற்கு என்று கேட்காதே. "நீங்க ரெண்டு பேரும் தனியாப் போனா ஒருத்தர்தான் திரும்பி வருவீங்க" என்று பிளாஸ்கில் காபியோடு ஏறிக்கொண்டாள். ஏரிக்குள் மேல்மண் வெடித்துக் காய்ந்து பிஸ்கட் மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. கருத்த மண். அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். உன் வண்டியோடு வந்த கையேட்டை ஒரு வாரமாகத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தவள் நான். அப்படிப்பட்ட இடத்தில் கியரை மாற்றாமல், வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், ஒரே சீராகப் போய்க் கடந்துவிட வேண்டும், நின்றால் போச்சு என்று தெரியும். அப்படியேதான் போனேன். பாதியில் வண்டி சற்றே குலுங்கியது. அவ்வளவுதான், அப்பா மிதித்துவிட்டார்.

நின்றோம். நின்ற இடத்திலேயே மெதுவாக, கௌரவமாக, லிஃப்டில் இறங்குவதுபோல இறங்கினோம்.

"ஏம்பா மிதிச்சீங்க?"

"ஆடிச்சு."

"மண்ணுல போனா ஆடத்தான் செய்யும்!"

"ஆடினா மிதிக்கணும். அதுக்குத்தான் அது இருக்கு."

பின்னாலிருந்து அம்மா, "கதவு திறக்க முடியுமா, இல்ல இங்கேயே குடித்தனமா?" என்றாள்.

அப்பா இறங்கி முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? டிக்கியிலிருந்து சிவப்பு முக்கோணத்தை எடுத்து, விதிப்படி தூரத்தை அடி அடியாக அளந்துபோய், மனித சஞ்சாரமே இல்லாத ஏரி நடுவில் நட்டு வைத்துவிட்டு வந்தார். பிறகு, "ரிவர்ஸ் எடு" என்றார். எடுத்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை, சேறு எழும்பி அம்மா மேல் விழுந்தது. மேலும் மிதித்தால் மேலும் குழி தோண்டும், டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகி மண்ணை அகலமாகப் பிடித்துக்கொள்ளும் என்று கையேட்டில் இருப்பதைச் சொன்னேன். காற்றை இறக்குவதா! தினமும் காலையில் காற்று பார்க்காத மாணவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மனிதரிடம் இதைச் சொல்லலாமா? பச்சைக் குழந்தையின் பாலைப் பிடுங்கச் சொன்னதுபோல டயருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றார். அம்மா முகத்துச் சேற்றை வழித்தபடியே, "அப்படியெல்லாம் பேசாதீங்க, இங்க ஆஸ்பத்திரி கூட இல்ல" என்று சொல்லி, அவர் கையில் காபியைக் கொடுத்து அந்தப் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டாள். அந்த இடைவெளியில் நான் நாலு டயரிலும் புஸ்ஸென்று இறக்கினேன். சத்தத்தைக் கேட்டும் அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒவ்வொரு டயருக்கும் ஒரு தடவை குலுங்கியது.

வண்டியின் வயிறு மண்ணில் தட்டி உட்கார்ந்திருந்ததால் அடியில் தோண்டினோம், சக்கரங்களுக்கு முன்னால் சரிவு வெட்டினோம், கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகினோம். நான் ஏறினேன். அப்பாவும் ஏறினார். "நீங்க எதுக்குப்பா, கனம் கூடும்" என்றால், "படிக்கிறவங்களைத் தனியா விட்டா என் லைசன்ஸ் என்னாகறது?" என்கிறார். எந்த லைசன்ஸ்? பள்ளியையே மூடியாகிவிட்டது! சரி என்று மெதுவாக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டேன். அண்ணா, சத்தியமாக வண்டி ஏறியது. முன்சக்கரம் கால்மிதியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. வரும்போது லேசாக ஆடியது. நான் இதற்கு மேல் எழுத வேண்டுமா? மிதித்தார். மறுபடியும் தோண்டினோம். மறுபடியும் மிதித்தார். "நானா மிதிக்கல, காலு மிதிக்குது" என்றார் பாவமாக. மூன்றாவது முறை நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, பாட்டில் கழுவும் அறையில் எனக்கு எந்த மூலை கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் கரையிலிருந்து ஒரு டிராக்டர்காரர் எங்களைப் பார்த்து இறங்கி வந்தார். முக்கோணத்துக்கு அருகில் நிறுத்தி, "இது யாருக்கு, கொக்குக்கா?" என்று கேட்டவர், அப்பா முகத்தைப் பார்த்ததும் டிராக்டரிலிருந்து குதித்தே விட்டார். "மாஸ்டர்! நீங்களா? நான் உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்!" அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்து, "இறங்கும்போது கண்ணாடி பாத்தியா?" என்றார். சேற்றில் நின்றுகொண்டு!

டிராக்டர்காரர் இரும்புச் சங்கிலியை எடுத்து, டிரெய்லர் மாட்டுவதற்காக உன் வண்டியின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டையில் சுற்றப் போனார். நான் கத்தினேன். என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. அந்த உருண்டை இழுவைக்குத் தாங்காமல் பிய்த்துக்கொண்டு பறந்தால் பீரங்கிக் குண்டுதான், எதிரே இருப்பவர் பிழைக்க மாட்டார். நீ டிக்கியில் உறை பிரிக்காமல் போட்டுவிட்டுப் போன வண்டி இழுக்கும் அகலப் பட்டையை எடுத்து, வண்டியின் சட்டத்தோடு சேர்ந்திருக்கும் கொக்கியில் மாட்டச் சொன்னேன். பட்டை அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பி அடிக்காதிருக்க அதன்மேல் ஈரச் சாக்கைப் போடச் சொன்னேன். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, தொய்வை எடுத்துக்கொண்டு மெல்ல நகர வேண்டும் என்றேன். "மாஸ்டர் பொண்ணுன்னு சொல்லவே வேணாம், அதே உத்தரவு" என்றார் அவர். எனக்குக் கோபமாக வந்தது.

அப்புறம்தான் கையேட்டின் அடுத்த வரி நினைவுக்கு வந்தது. இழுக்கும்போது வண்டியில் ஓட்டுபவர் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. மற்றவர்கள் பட்டையின் நீளத்துக்கும் மேலே தள்ளி நிற்க வேண்டும். கையேட்டைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். அச்சில் இருந்தது. அச்சில் இருப்பதை அப்பா மீறியதில்லை. அம்மாவையும் அழைத்துக்கொண்டு தூரமாய்ப் போய் நின்றார்.

அந்த சீட் காலியாக இருந்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

டிராக்டர் பட்டையை இறுக்கியதும் ரிவர்ஸில் மெதுவாகத் தொட்டேன். வண்டி ஆடியது. நிறைய ஆடியது. ஆடிக்கொண்டே, யாரும் மிதிக்காததால், வந்துவிட்டது. கெட்டித் தரைக்கு வந்து இறங்கிப் பார்க்கிறேன், அப்பா நின்ற இடத்திலேயே வலது காலை அழுத்திக்கொண்டு நிற்கிறார். கணுக்கால் வரைக்கும் சேற்றுக்குள்ளே! வண்டி ஆடிய ஒவ்வொரு தடவையும் தரையை மிதித்திருக்கிறார். காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. டிராக்டர்காரர் மிகுந்த மரியாதையோடு, "மாஸ்டருக்கும் பட்டை மாட்டணுங்களா?" என்று கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் கிளம்பிப் போயிற்று.

டயர்களுக்குக் காற்று அடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்த அப்பாவை மறுபடியும் அந்த சீட்டில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு காகிதம் பறந்ததற்கு ஒரு தடவை மிதித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது அண்ணா. வண்டி உன்னுடையது. நீ சொன்னால்தான் கேட்பார். தயவுசெய்து ஃபோன் பண்ணி, அந்த பிரேக்கை உடனே கழற்றிப் பரணில் போடச் சொல்லு. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்கு இந்த வீட்டில்தான் சாப்பாடு.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம், இரண்டு கன்னத்திலும். அதற்கு நடக்க வந்தால், விழட்டும், பக்கத்தில் நின்று பிடிக்காதே.

உன் பிரிய தங்கை

பி.கு.: கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்ததில் திங்கட்கிழமை வந்து போய்விட்டது. தேறிவிட்டேன்! "ஓட்டும்போது நடுநடுவே என் காலையே ஏம்மா பார்த்தீங்க?" என்று மட்டும் மேலதிகாரி கேட்டார். வீட்டுக்கு வந்தால், நான் கேட்காமலேயே அப்பா மெக்கானிக்கை வரவழைத்து நின்றுகொண்டிருக்கிறார். "இனிமே உனக்குத் தேவைப்படாது, கழட்டிடலாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அம்மா உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்து, "கழட்டாதீங்க. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க, எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களா? நான் கத்துக்கணும். நீங்க பின்னாடி உக்காருங்க, இவ சொல்லிக் குடுக்கட்டும்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள். இன்று காலை அம்மா ஓட்ட, பக்கத்தில் நான், பின்சீட்டில் அப்பா. தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. வெகுதூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது. வண்டி லேசாக ஆடியது. டக்கென்று நின்றுவிட்டோம். "ஏண்டி மிதிச்சே?" என்றாள் அம்மா. பின்னாலிருந்து அப்பா, பல மாதங்களாக நான் கேட்காத சந்தோஷக் குரலில், "சரியாத்தான் மிதிச்சிருக்கா" என்றார். அதனால் அண்ணா, மேலே எழுதியது எதையும் அப்பாவிடம் பேசாதே. அந்த பிரேக் அங்கேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியிருக்கிறது.