குசினி யன்னலில் ஓர்கிட்

முனவ்வறா நிந்தவூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் புருசன் ஹமீட் காக்கா ஒரு கொலையைச் செய்து முடித்திருந்தார். ஆயுதம், செம்புத் தண்ணீர். செத்தது குசினி யன்னலில் தொங்கிய ஓர்கிட் பூச்செடி.

அது சும்மா செடியில்லை. மகள் றுஸ்தா ஜம்பு மரத்தின் உயரக் கொப்பில் கட்டி வளர்த்தது. சுனாமி வீட்டை எடுத்தது, றுஸ்தாவையும் எடுத்தது. செடியை விட்டுப் போனது. அடக்க ஒரு மையித்துக்கூடக் கிடைக்காத பிள்ளையின் மிச்சம் அது ஒன்றுதான்.

கல்முனையில் புது வீடு கிடைத்ததும் முனவ்வறா அதைக் குசினி யன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். காக்கா மனிசரோடு கதைப்பதை அதற்கு முன்பே விட்டிருந்தார். பெண்சாதிக்கு "ஓம்", "வேணாம்" இரண்டே சொல். மற்றதெல்லாம் விடிந்ததும் செடியிடம் போய்ச் சொல்வார். உன்ட உம்மா ஆக்கின கறிக்கு உப்பில்லை மகள், என்றும் ஒருநாள் முறையிட்டார். மறுநாள் கறியில் உப்பு அளவாக இருந்தது. மகள்தான் பார்த்துச் செய்கிறாள் என்று கண் கலங்கினார்.

அந்தச் செடியைத்தான் பாசத்தில் காலையும் மாலையும் நீரூற்றி அழுகவைத்திருந்தார். முனவ்வறா கண்டால் பிள்ளையை இரண்டாந்தரம் பறிகொடுத்தவளாகிவிடுவாள். ஆகவே அவளை ஏமாற்றுவதென்று தீர்மானித்தார்.

யுத்தம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த காலம். விசாரித்து, ஓர்கிட் வளர்ப்போர் சங்கத்துக்குப் போனார். செயலாளர் பாத்தும்மா ரீச்சர் கறாரானவர். பெயரைக் கேட்டதும் உள்ளே போய் யாருக்கோ போன் எடுத்துவிட்டு வந்தார். அங்கத்தவருக்குத்தான் செடி, மாதாமாதம் கூட்டத்துக்கு வந்தால்தான் அங்கத்தவர் என்றுவிட்டார். தேங்காய்ப் பொச்சும் கரியும் வைத்துக் கட்டும் விதத்தையும் காட்டித் தந்தார்.

"மண்ணே வேணாமா?" என்று கேட்டார் காக்கா.

"வேணாம் காக்கா. மண்ணுக்குள்ள வெச்சாத்தான் செத்துப்போகும்."

காக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கரித்தூள் விழுந்துவிட்டதென்று சமாளித்தார். அங்கத்தவராகி, புதுச் செடியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் தொங்கவிட்டார்.

முனவ்வறா திரும்பி வந்தாள். யன்னலைப் பார்த்தாள். நல்லா இரிக்கி என்றாள். காக்காவுக்கு வெற்றி. ஆனால் மாதாமாதம் பள்ளிவாசலில் வேலை என்று பொய் சொல்லிக் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் வேர், நத்தை, பசளை என்று வாய் திறக்க வேண்டியும் வந்தது. திறந்த வாய் வீட்டுக்கு வந்தும் மூடவில்லை. முனவ்வறாவிடம் பாணின் ருசியைப் பற்றிக்கூட கதைக்கத் தொடங்கினார்.

சங்கத்துக் கண்காட்சிக்கு அழைக்க ரீச்சர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். காக்கா வாசற் படலையிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார். ரீச்சர் அவரை விலக்கிக்கொண்டு போய் முனவ்வறாவின் கையைப் பிடித்தார். பழைய மெம்பர் நீங்க வராமல் கண்காட்சியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

காக்கா அப்படியே வெளியே, செடிக்குக் கீழே கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மகள்ட செடி இந்த வீட்டுக்கு வந்த மாசமே பட்டுப்போச்சு," என்றாள் முனவ்வறா. "நீங்க தாங்கமாட்டீங்க எண்டு, நான் சங்கத்துல வேற வாங்கித் தொங்கவிட்ட. நீங்களும் அங்க போனதை ரீச்சர் அண்டைக்கே போனில சொன்னா. மாசாமாசம் வரச்சொன்னதும் நான்தான்."

இருவரும் அழுதார்கள். றுஸ்தாவுக்காகச் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் கழித்துக் காக்கா முகத்தைத் துடைத்தார்.

"அப்ப, இவ்வளவு காலமும் நான் ஆரோட கதைச்ச?"

முனவ்வறா குசினிக்குள் போனாள். செடி தொங்கிய யன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"இண்டைக்குக் கறிக்கு உப்புக் காணுமா எண்டு பாருங்க."