ஆறு நொடி பின்னால் வந்த புலி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு ஐம்பது அடி தள்ளி ஒரு மான் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம் குளத்தை டிவியில்தான் பார்க்கும்.

எல்லார் வீட்டிலும் எச்டி வந்துவிட்டது, வடிவு என்ற பெண்மான் வீட்டைத் தவிர. அவளிடம் இருந்தது ஒரு பழைய பெட்டி. அதில் நரியும் சிங்கமும் ஒரே முகமாகத் தெரிவார்கள். ஆனால் நேரலை என்றால் அதில்தான் முதலில் வரும். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று அவள் கத்தி முடித்து, ஆறு நொடி கழித்துத்தான் எச்டி வீடுகளில் கைதட்டல் கேட்கும்.

இதற்கு அவளைக் கொண்டாடியிருக்க வேண்டும். அந்த மண்டூக மான்கள் சிரித்தன.

"இந்தக் காலத்துல இதையெல்லாம் யாராவது வெச்சிருப்பாங்களா வடிவு? எங்க வீட்டுல எறும்போட மீசைகூடத் தெரியுது," என்றாள் பக்கத்துப் புதர் கோமளம்.

எறும்பு மீசையை வைத்து இவளுக்கு ஆகப்போவது என்ன என்று வடிவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் குட்டி பொட்டு வேறு, "அம்மா, நம்ம டிவில எப்பப் பாரு மழை பெய்யுது," என்று சொல்லிவிட்டுக் கோமளம் வீட்டு வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை ஓடையில் உருட்டிவிட்டு எச்டி வாங்கினாள்.

மருதமரத்து உச்சியில் ஏற்கெனவே இருபது டிஷ். மிச்சமிருந்த ஒரே கிளையில் வேலப்பன் என்ற குரங்கு உட்கார்ந்திருக்கும். புலி தலை தெரிந்தால் குரல் கொடுப்பது அதன் வேலை. அந்தக் குரலால்தான் மான்கள் இத்தனை நாள் உயிரோடு இருந்தன. வடிவின் டிஷ்ஷுக்காக அதையும் இறங்கச் சொன்னார்கள்.

"அப்ப புலி வந்தா?" என்றது குரங்கு.

"குளத்தங்கரையில கேமரா இருக்கே. நேரலையில பாத்துக்கறோம். நீயும் வந்து உக்காரு," என்றாள் கோமளம்.

குரங்கு இறங்கி வந்து உட்கார்ந்தது. சீரியல் நேரம்.

மறுநாள் மாலை பொட்டு தண்ணீர் குடிக்கப் போனது. அதை வடிவு, புது டிவி பார்க்க வந்திருந்த கூட்டத்தோடு பார்த்துப் பூரித்தாள். குட்டியின் உடம்பில் எத்தனை புள்ளி என்று பெற்றவள் அன்றுதான் எண்ணினாள். திரையின் ஓரத்தில் நாணல் விலகியது. புலி வந்தது.

"அடேயப்பா, மீசை ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது பாரு!" என்றாள் கோமளம்.

"பொட்டு, ஓடு!" என்று அலறிக்கொண்டு வடிவு பாய்ந்தாள்.

"ஏய், மறைக்காதே!" என்றது கூட்டம்.

நாலே தாவலில் அவள் கரைக்குப் போய்விட்டாள். அங்கே புலியும் இல்லை, பொட்டும் இல்லை. ஈர மண்ணில் இழுத்துக்கொண்டு போன தடம் மட்டும் இருந்தது. பின்னால், கூட்டம் பார்த்துக்கொண்டிருந்த திரையில், புலி அப்போதுதான் பாய்ந்தது.

துக்கம் விசாரிக்க எல்லாரும் வந்தார்கள்.

"அழாதேடி. கடைசி வரைக்கும் உன் புள்ள எவ்வளவு தெளிவா இருந்துச்சு தெரியுமா? எட்டு மணிக்கு மறுபடி போடுறாங்க," என்றாள் கோமளம்.

வடிவு ஓடைக்குப் போனாள். பழைய பெட்டிக்குள் நண்டு குடியேறியிருந்தது. எட்டு மணிக்குப் புலி பாய்ந்த காட்சியைப் பார்த்த அக்கரை மான்கள் அந்த வாரமே பன்னிரண்டு எச்டி வாங்கின.

நீதி: குளம் பக்கத்திலேயே இருந்தாலும் தலையைத் திருப்பிப் பார்க்காதே. நேரில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.