வண்டிக்குள் கேட்ட 'ஊம்'

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே தாயும் சேயும் நலம். கப்பலில் நீங்களும், நீங்கள் கட்டி மேய்க்கும் எஞ்சின்களும் நலமாக இருக்க வேண்டும்.

மகள் பிறந்த செய்தியைப் போனில் கேட்டிருப்பீர்கள். கூடவே, "அப்பா என்னைப் பாதி வழியில இறக்கிவிட்டுட்டார்" என்ற புகாரும் வந்திருக்கும். உங்கள் மனைவி என்னோடு பேசி நான்கு நாளாகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

காரை என் பொறுப்பில் விட்டுப் போனீர்களே, அதற்கு மூன்றாம் நாளே கேட்டேன். வேகம் ஐம்பதைத் தாண்டினால் உள்ளே 'ஊம்' என்று ஒரு சத்தம், அண்டாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன், ஏசியை அணைத்தேன், டிக்கியைக் காலி செய்தேன். போகவில்லை. ஓடும்போதே நியூட்ரலில் போட்டேன், அப்போதும் ஊம். ஆக, எஞ்சின் இல்லை. டயர்க் கடையில் முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட்டார்கள். அதே ஊம். உங்கள் அத்தையைப் பின் சீட்டில் குனிந்து தரையில் காது வைக்கச் சொன்னேன். "எனக்கு உங்க முனகல்தான் கேக்குது. முதல்ல காது டாக்டரைப் பாருங்க" என்றாள். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த காது மாப்பிள்ளை இது!

புதன்கிழமைதான் பிடி கிடைத்தது. இடப்பக்கம் வளைந்தால் சத்தம் ஏறுகிறது, வலப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அப்போ வலது பக்கச் சக்கரத்து பேரிங்தான் சார். வண்டியை ஓட்டவே ஓட்டாதீங்க. காலைல ஓட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே உங்கள் மனைவிக்கு வலி வந்துவிட்டது, சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னால். டாக்சிக்காரர் வர முக்கால் மணி நேரமாகும் என்றார். வேறு வழியில்லாமல் காரை எடுத்தேன். ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஊம் போய் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. ஸ்டீயரிங் என் கையை உதறியது. பின்னால் உங்கள் மனைவி, "ஓட்டுங்கப்பா! நிறுத்தாதீங்க!" என்று கத்துகிறாள். அத்தையோ, "இப்ப நிறுத்தினீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்" என்கிறாள். நிறுத்திவிட்டேன்.

ஆள் அரவமில்லாத பைபாஸ் ரோடு. நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். மூன்று கார்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. உங்கள் மனைவி என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, எங்கே படித்தாளோ! நான்காவதாக வந்த வேன் நின்றது. ஆஸ்பத்திரிக்குத் துவைத்த படுக்கை விரிப்புகளை ஏற்றிப் போகிற வேன். "அங்கதான் போறேன், ஏத்துங்க சார்" என்றார் டிரைவர். விரிப்பு மூட்டைகள் மேல் அவளைப் படுக்க வைத்தோம். போய்ச் சேர்ந்து அரை மணியில் குழந்தை.

அன்று மாலை மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது முன் சக்கரம் ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்தது. "இன்னும் நாலு கிலோமீட்டர் போயிருந்தா உங்களுக்கு முன்னாடியே சக்கரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும் சார்" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பொறுப்பில் விட்ட வண்டியைக் கெடுத்துவிட்டேன். தாங்கள் பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும். பிள்ளை குட்டியோடு நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் மனைவி பிடுங்கிப் படித்துவிட்டாள். நான்கு நாள் கழித்து வாயைத் திறந்து சொன்னது இதுதான்: "அந்தச் சத்தம் ஆறு மாசமா இருக்குப்பா. பாட்டைச் சத்தமா வச்சுக்கோ, கேக்காதுன்னு அவர்தான் சொன்னார். உங்ககிட்டச் சொன்னா அவரைத் திட்டுவீங்கன்னுதான் வாயை மூடிக்கிட்டேன்." எஞ்சினியர் மாப்பிள்ளை! மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிவிட்டேன். இனி நீங்கள் கேளுங்கள். மூன்று பெண்கள் வரிசையில் இருக்கிறார்கள். கடைசி ஆளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவளிடமிருந்து ஆரம்பிப்பது உங்களுக்கு நல்லது.