எந்தப் பாகம் போச்சு?

மயிலம் வட்டாரத்தில் ட்ரோன் வைத்திருப்பவர்களிடையே எழுதப்படாத விதி ஒன்று உண்டு. விழுந்த ட்ரோனைப் பார்த்து, 'எந்தப் பாகம் போச்சு?' என்று கேட்கலாம், 'எப்படி விழுந்தது?' என்று கேட்கக்கூடாது. கட்டிக்கொடுத்த பெண் பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்றால், 'சாப்பிட்டியா?' என்று மட்டும் கேட்பதில்லையா, அதே நாகரிகம்தான் இது. மீறி யாராவது கேட்டுவிட்டால், அதற்கும் ஒரே விடைதான் அனுமதிக்கப்பட்டிருந்தது: காற்று.

ஆகவே, கூட்டேரிப்பட்டில் பெரியசாமியின் மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலை வயலுக்கு, மேலே பத்தடி உயரத்தில் மருந்து தெளித்துக்கொண்டிருந்த ட்ரோன் ஒருபக்கமாகச் சாய்ந்து, தள்ளாடி, வரப்பில் தலைகுப்புற விழுந்தபோது, மகளிர் குழுத் தலைவி அம்சா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். எதிரே நின்ற பனையில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

"காத்து," என்றாள் அம்சா.

"ஆமாம்மா, பொல்லாத காத்து," என்றார் பெரியசாமி, வியர்வை வழிந்த கழுத்தைத் துண்டால் விசிறிக்கொண்டே.

ட்ரோனை ஓட்டியவள் ஜெசிந்தா. அவளுடைய கட்டைவிரல்கள் ரிமோட்டின் மேல் இன்னும் அழுந்திக்கிடந்தன, தரையில் கிடப்பதை விரலாலேயே தூக்கி நிறுத்திவிடலாம் என்பதைப்போல.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே கொல்லையில் களையெடுத்தவள் அவள். அப்போது பெரியசாமி அவளை "ஏ" என்று கூப்பிடுவார். அரசுத் திட்டத்தில் குழுவுக்கு ட்ரோன் கிடைத்து, ஜெசிந்தா பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியபின், அதே வாய் "பைலட் மேடம்" என்றது. ஓரெழுத்திலிருந்து ஆறெழுத்துக்கு ஏறியவளுக்கு மறுபடி ஓரெழுத்துக்கு இறங்கும் திராணி இல்லை. ஆனால் மாதக் கடைசியில் அலுவலர் ஆய்வுக்கு வருகிறார். அன்றைக்குப் பறக்காத ட்ரோன் முகையூர்க் குழுவுக்குப் போய்விடும். கடிதம் வந்து நான்கு நாளாகிறது.

"எந்தப் பாகம் போச்சு ஜெசிந்தா?" என்று கேட்டபடி வெள்ளையம்மாள் குனிந்து ட்ரோனைத் தூக்கினாள். குழுவில் அவள்தான் உதவியாள். ட்ரோனின் மடக்கிய ஆறு கைகளையும் விரித்துத் திருகிப் பூட்டுவது, டாங்க்கில் மருந்து ஊற்றுவது, விழுந்தால் தூக்குவது எல்லாம் அவள் பொறுப்பு.

"றெக்கைக்கா."

மீதிக் கொல்லைக்கு வெள்ளையம்மாளின் கணவன் பூமாலை, முதுகில் கைத்தெளிப்பானைக் கட்டிக்கொண்டு வந்து கூலிக்கு மருந்தடித்துவிட்டுப் போனான்.

விழுப்புரத்துக் கடைக்காரர் புது இறக்கையை மேசைமேல் வைத்து, "கம்பெனி டைப்," என்றார்.

"கம்பெனியா, கம்பெனி டைப்பா?"

"கம்பெனின்னா கம்பெனிக்காரன் செஞ்சது. கம்பெனி டைப்புன்னா கம்பெனிக்காரனே பாத்துட்டு, 'இத நான்தான் செஞ்சனா'ன்னு யோசிப்பான். எது வோணும்?"

ஆய்வுக்குப் பதினாறு நாளே இருந்தது. ஜெசிந்தா கம்பெனிக்காரனை யோசிக்கவைப்பதையே வாங்கினாள்.

அந்த இறக்கையோடு ட்ரோன் இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றில் சாய்ந்து விழுந்தது. இம்முறை ஒரு மோட்டாரும் நசுங்கியது.

"காத்து," என்று அம்சா தொடங்கும்போதே ஜெசிந்தா இடைமறித்தாள்.

"டூப்ளிகேட்டுக்கா! எல்லாம் அந்த டூப்ளிகேட் றெக்கையாலதான்!"

இதைச் சொன்னதும் நெஞ்சில் ஓர் ஆறுதல் பரவுவதை அவள் உணர்ந்தாள். காற்றைவிடப் போலி மேலான எதிரி. அதற்கு ஒரு முகவரியாவது உண்டு. உடைந்த இறக்கையைப் பெரியசாமியின் கிணற்றில் வீசிவிட்டு, அசலைத் தேடித் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினாள். நசுங்கிய மோட்டாரோடு கழற்றிய ட்ரோன் கையை மடியில் கிடத்திக்கொண்டு வெள்ளையம்மாளும் கூடவே வந்தாள்.

"லேடீஸ் ரெண்டு பேரும் ஃப்ரீ. மடியில இருக்கறதுக்கு?" என்றார் நடத்துநர்.

"இதுவும் மகளிர் குழுதாங்க," என்றாள் வெள்ளையம்மாள்.

நடத்துநர் சிரித்தபடி நகர்ந்துவிட்டார். வெள்ளையம்மாள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "இன்னாத்துக்கு ஜெசிந்தா இத்தினி அலைச்சல்? வுட்டுத் தொலையேன். முகையூருக்காரங்களே கட்டிக்கினு அழட்டும்."

தன் துன்பத்தைப் பார்த்து இன்னொருத்தி உருகுகிறாளே என்று ஜெசிந்தாவின் கண்கள் கலங்கின.

திண்டிவனத்தில் ரபீக்கின் கடையில் பழுதான ட்ரோன்கள் கறிக்கடைக் கோழிகளைப்போலக் கால்கட்டித் தொங்கின. அவற்றுக்குக் கீழே, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரபீக் உட்கார்ந்திருந்தார். டூப்ளிகேட் விற்காதவர் என்று மாவட்டமே அவரைச் சொன்னது. அதனால் கடையில் கூட்டமும் இல்லை.

"எந்தப் பாகம் போச்சு?" என்றார் முறைப்படி.

"றெக்கை, மோட்டாரு."

"எப்பிடி வு..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "டீ சாப்புடறீங்களாக்கா?"

டீ வந்தது. உறை பிரிக்காத மோட்டாரும் வந்தது. ஜெசிந்தா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா பாய், ஸ்டிக்கரு மங்கலா கீது?"

"மங்கலா இருந்தாத்தான்க்கா ஒரிஜினல். கம்பெனிக்காரன் லட்சம் ஒட்றான், ஏனோதானோன்னுதான் ஒட்டுவான். டூப்ளிகேட்காரனுக்குப் பயம் இருக்குது, அவன்தான் பளபளன்னு அக்கறையா ஒட்டுவான்."

உறையிலிருந்த கியூஆர் கட்டத்தைச் செல்பேசியால் படம்பிடித்தபோது திரை முழுக்கச் சீன எழுத்துகள் விரிந்தன.

"ஒன்னுமே புரியல பாய்."

"ஒனக்குப் புரியற மாதிரி தமிழ்ல வந்திருந்தா, நானே கடைய மூடிட்டுப் போயிருப்பேன்."

அப்படியும் மனம் ஆறாமல், கம்பெனி சொன்ன எடை இருக்கிறதா என்று பக்கத்து நகைக்கடைத் தராசில் மோட்டாரை வைத்துப் பார்த்தாள். எடை சரியாக இருந்தது. "சேதாரம் எவ்ளோ போடறது?" என்று நகைக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் கேட்டார்.

அசல் வந்தும் துன்பம் தீரவில்லை. அதற்குச் சில உறவினர்களும் வந்து சேர்ந்தனர். புது மோட்டார் புதுத் தலைமுறையைச் சேர்ந்தது. பழைய ஐந்து மோட்டார்களோடு சேர்ந்து சுற்ற அது மறுத்தது. எதிர்க்கையிலும் புதியதைப் பொருத்தினால் சரியாகும் என்றார் ரபீக். பொருத்தினார்கள். ட்ரோனுக்குள்ளிருந்த மின்சுற்றுப் பலகை, தன்னைப் புதுப்பிக்காமல் இவர்களோடு பேசமுடியாது என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. புதுப்பித்தார்கள். புதுப்பித்த பலகைக்குப் பழைய பேட்டரியை அடையாளம் தெரியவில்லை. அசல் பேட்டரி வந்தபோது, ரிமோட் ஜெசிந்தாவையே மறந்துபோய், 'நீங்கள் யார்?' என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேட்டது.

அந்தக் கேள்வி அவளைத் துளைத்துவிட்டது. வீட்டில் உப்புப் பாக்கெட்டையும் பல்பொடியையும் சோதிக்கத் தொடங்கினாள். ஒரு மத்தியானம், சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்த தன் பைலட் சான்றிதழைக் கழற்றிப் பார்த்தாள். அதன் மூலையில் ஒட்டியிருந்த முத்திரை பளபளவென்று, மிகுந்த அக்கறையோடு மின்னியது. ரபீக்கின் அளவுகோல் நினைவுக்கு வர, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, உலையில் அரிசி கரிந்துபோகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வு நாளன்று ட்ரோனில் கம்பெனியின் கைபடாத பொருள் என்று ஏதும் மிச்சமில்லை. தன் பெயரும் சேர்ந்து பறக்கப்போகிறது என்பதால் ரபீக், கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டையோடு கூட்டேரிப்பட்டுக்கே வந்துவிட்டார். அலுவலர் தொப்பியும் கோப்புமாகக் கொல்லையோரத்தில் நின்றார். வெள்ளையம்மாள் ஆறு கைகளையும் விரித்து, டாங்க்கில் மருந்தை ஊற்றிவிட்டு, வழக்கம்போல ஓரமாக ஒதுங்கினாள்.

"ஜல்தி தூக்குங்க மேடம்," என்றார் ரபீக். "பட்டு மாதிரிப் போகும்."

ஜெசிந்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு விரலை அசைத்தாள். ட்ரோன் எழும்பியது. ஐந்தடி. எட்டடி. அம்சா கைதட்டத் தொடங்கினாள். பத்தடி. ஒரு கணம் அது அந்தரத்தில் அசையாமல் நின்றது. பிறகு தலைசுற்றல் வந்தவரைப்போல ஒருபக்கம் சாய்ந்தது, நிமிர முயன்றது, அலுவலருக்கு நாலடி முன்னால் மண்ணைக் கவ்வியது.

தட்ட விரிந்த கைகளை அம்சா மெல்ல இறக்கினாள். மேலே பார்த்தாள். கோப்பில் செருகியிருந்த தாள்கூடப் படபடக்கவில்லை.

"காத்து சார்," என்றாள்.

அலுவலர் வெளிமாவட்டத்துக்காரர்தான், ஆனாலும் பண்பாடு அறிந்தவர். "எந்தப் பாகம் போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாந்தான் சார் போச்சு!" என்று கத்திய ஜெசிந்தா ரபீக்கின் பக்கம் திரும்பினாள். "பாவி பாய்! உன்ன நம்பித்தான மோட்டாரு, பலகை, பேட்டரி எல்லாத்தயும் மாத்தனேன்? மங்கலா இருந்தா ஒரிஜினலா? எனக்குச் சைனா படிக்கத் தெரியாதுன்னுதான இம்மாம் பெரிய டூப்ளிகேட்ட என் தலையில கட்டன?"

"அக்கா, எங்க உம்மா மேல ஆணையா..."

"உங்க உம்மாவ எதுக்கு இழுக்கற? உன் ஸ்டிக்கர் மேல ஆணை போடு!"

அலுவலர் கோப்பைத் திறந்தார். ட்ரோனை முகையூர்க் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு வரி எழுதினார். போலி உதிரிபாகம் விற்ற கடைமீது காவல்துறையில் புகார் தரலாம் என்பது அடுத்த வரி. எழுதிக்கொண்டே, "கடை பேர் என்னங்க?" என்றார்.

ரபீக் வரப்பில் உட்கார்ந்து, உடைந்த மோட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஸ்டிக்கரைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார், முகர்ந்தும் பார்த்தார். கடை திறந்த நாளிலிருந்து எந்த ஒன்றை மட்டும் இந்த உலகத்தில் சந்தேகப்படாமல் இருந்தாரோ, அதன்மேலும் அவர் கண்ணில் நிழல் விழுவதை ஜெசிந்தா கண்டாள்.

"ஒருவேள டூப்ளிகேட்தானோ?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார் அவர். பின்பு தலைநிமிராமலே, "எழுதிக்குங்க சார். எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு. கோட்டக்குப்பத்துல மச்சான் மீன் யாவாரம் பண்ணிக்கினு இருக்கான். மீன்ல டூப்ளிகேட் இல்ல," என்றார்.

பெரியசாமி தொண்டையைச் செருமினார். "ஏ ஜெசிந்தா, அந்த ரிமோட்ட இப்பிடிக் குடு, சாரு எடுத்துக்கினு போவட்டும்."

ஏ. அந்த எழுத்து இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ரிமோட்டை நீட்டினாள். அழுகைகூட வரவில்லை. மண்ணில் கிடந்த ட்ரோனையும், மடியில் மோட்டாரோடு உட்கார்ந்திருந்த ரபீக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் தேடிய அசல் என்ற ஒன்று இந்த மாவட்டத்தில் எங்குமே இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அலுவலர் மறுபடியும் கேட்டார்: "கடை பேரச் சொல்லுங்க பாய்."

அதுவரை ஓரமாக நின்றிருந்த வெள்ளையம்மாள் கையிலிருந்த காலி மருந்துக் கேனைத் தரையில் வைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எந்தப் பாகம், எந்தப் பாகம்னு மூணு வாட்டியா கேட்டுக்கினே இருக்கீங்களே, எப்பிடி வுழுந்துச்சுன்னு ஒருத்தருகூடக் கேக்கலியே சார்," என்றாள். "பாய் குடுத்தது எல்லாம் நல்ல பொருளுதான், மூணு வாட்டியும் அதோட கைப்பூட்ட ரெண்டு சுத்து கழட்டி வுட்டது நான்தான், இது பறக்கற அன்னிக்கெல்லாம் எங்கூட்டுக்காரரு வேலயில்லாம வூட்ல குந்திக்கினு இருக்காரு."