முத்திரை பெற்ற ஆடு

உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த கிழமையே சுன்னாகத்துக்குக் கிழக்கே ஒரு பனங்காணியில் உலகம் முடியத் தொடங்கிவிட்டது.

முடித்து வைக்க வந்தவர் பெயர் தீர்க்கதரிசி எரேமியாதாசர். எந்த ஊர் என்று கேட்டால், வேதத்தில் வரும் பத்மு தீவு என்பார். பேச்சில் நாகர்கோயில் வாடை அடித்தது. தீர்க்கதரிசியிடம் போய் ஊர் விசாரிக்க யாருக்குத் துணிவு? வெள்ளை அங்கி, நெஞ்சு வரை தாடி, பக்கத்தில் எண்ணெய் வடியும் முகத்தோடு ஒரு சீடன். வைகாசி முழுநிலாப் பறுவம் கழிந்த வெள்ளிக்கிழமை கர்த்தர் மேகத்தின்மேல் வருகிறார் என்றார். ஏதோ கொழும்பு மெயில் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

உடுப்பிட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ரயிலில் வந்து இறங்கினார்கள். வெங்காயப் பாத்தியைக் காயவிட்டு வந்தார்கள். உலகமே முடியும்போது வெங்காயம் எதற்கு? கடலைக்காரி ஒருத்திதான், முடியுமட்டும் விற்கலாம் என்று பந்தல் வாசலில் கடை விரித்தாள். அந்தக் கூட்டத்தில் யோசித்து நடந்தவள் அவள் ஒருத்தியே.

ஊர் வேதக்காரருக்குள், அதாவது கிறிஸ்தவருக்குள், ஏற்கெனவே பெரிய சண்டை. கடவுள் ஒரேயொருவரா, மூவராய் இருக்கிற ஒருவரா என்று. பழைய கோயில்காரர் மூவர் என்றார்கள். பிரிந்துபோய் ஓலைக் கொட்டிலில் கூடினவர்கள் ஒருவர் என்றார்கள். கர்த்தரின் ஆயிரம் வருஷ அரசாட்சி முந்தியா, அவர் வருகை முந்தியா என்று அதற்குமேல் இன்னொரு சண்டை. கிணற்றடியில் வாளி பறந்தது. நிச்சயித்த கலியாணம் நின்றது. கடவுளை ஒருவரும் கண்டதில்லை. ஆனால் எண்ணி மட்டும் முடித்துவிட்டார்கள்.

எரேமியாதாசர் ஒரே நாளில் வழி சொன்னார். "வாதம் எதற்கு, பிள்ளைகளே? இரத்தமே சாட்சி சொல்லட்டும்."

ஆளுக்கொரு வெள்ளை லேஞ்சி, அதாவது கைக்குட்டை, கொண்டுவர வேண்டும். சீடன் அதை 'ஒலிவத் தைலத்தில்' தோய்த்துக் காயப்போடுவான். மஞ்சளாய், கற்பூரம் மணக்க வரும். தீர்க்கதரிசி ஜெபிப்பார். சபை முழுவதும் கண்ணை மூடும். ஆமென் சொன்னபின் லேஞ்சியை ஜீவத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்துவார். விசுவாசம் சரியென்றால் ஆட்டுக்குட்டியானவரின் இரத்தம்போல் சிவக்கும். அந்த ஆள் முத்திரை பெற்றவர், மேகத்தில் ஏறுவார். மஞ்சளாகவே கிடந்தால் அக்கினிக் கடல்.

வேடிக்கை என்னவென்றால், மூவர் கட்சியிலும் சிலருக்குச் சிவந்தது, ஒருவர் கட்சியிலும் சிலருக்குச் சிவந்தது. காணிக்கை வைத்தவனுக்கு மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை. இதை யாரும் காணவில்லை. கண்தான் மூடியிருந்ததே!

அந்த ஊர் மார்கிரட் என்பவளின் புருஷன் தானியேல் தன் பால்மாட்டைக் கொண்டுபோய்ப் பந்தலடியில் கட்டினான். "பசுவுக்குப் பரலோகத்தில் இடமில்லை, மகனே. ஆகையால் என்னிடம் நிற்கட்டும்" என்றார் தீர்க்கதரிசி. தானியேலின் லேஞ்சி செக்கச் செவேலென்று சிவந்தது. வெறுங்கையோடு பக்கத்தில் நின்ற மார்கிரட்டின் லேஞ்சி மஞ்சள்.

சிவப்பும் மஞ்சளும் ஒரு பானையில் உண்ணலாகாது என்பது அடுத்த கட்டளை. தானியேல் அன்றோடு வீட்டை விட்டுப் பந்தலில் படுத்தான். மார்கிரட் சோறு கட்டிக்கொண்டு போனாள். அவன் தொடவில்லை.

"நீ மஞ்சளப்பா. உன்ரை கையாலை நான் தின்னேலாது."

"கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் இந்தக் கையாலைதானே திண்டனீங்கள்?"

"அப்ப நான் முத்திரை பெறேல்லை."

"நான் நெருப்பிலை கிடந்து கத்த, நீங்கள் மேலை இருந்து பாத்துக்கொண்டிருப்பியளோ?"

தானியேலின் கண் கலங்கியது. கெட்ட மனுஷன் இல்லை. புத்தியை மாட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டான், அவ்வளவுதான்.

"உன்ரை தோட்டைக் கழட்டிக் குடன். பொன் பாரமாம், எழும்பவிடாதாம். குடுத்தால் உனக்கும் சிவக்கும். நீயில்லாமல் எனக்கு மேலை என்ன கிடக்கு?"

அந்தக் கடைசிச் சொல்லில் மார்கிரட் தளர்ந்துபோனாள். தாய் விட்டுப்போன தோடு அது. வீட்டில் இருக்கிற பொன் அவ்வளவுதான். கொடுக்காவிட்டால் புருஷன் இல்லை. அடுத்த நாள் பின்னேரம் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டாள். அடுத்த வளவு நாகேஸ்வரி, சைவக்காரி, துணைக்கு வந்தாள்.

"உங்கடை உலகம் முடியேக்கை எங்கடையும் முடியுமோ எண்டு ஒருக்கால் கேட்டுக்கொண்டு வருவம்."

"பகிடி விடாதையுங்கோ, நாகேசக்கா."

மார்கிரட் தட்டில் தோட்டை வைத்தாள். தீர்க்கதரிசியின் முகம் மலர்ந்தது. "கண்களை மூடுவோமாக" என்றார். சனமெல்லாம் மூடியது. நாகேஸ்வரிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் கோயிலில் திரை விலகும்போது கண்ணை அகல விரிக்கிறவள். இங்கேயும் விரித்துக்கொண்டு நின்றாள். பிறகு மார்கிரட்டின் விலாவில் ஓர் இடி விட்டாள்.

"கண்ணைத் திறவடி."

மார்கிரட் பிறந்து இத்தனை காலத்தில் ஜெபத்தில் கண் திறந்ததில்லை. திறந்தால் பிசாசு தெரியும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். திறந்தாள். சொன்னது மெய்தான், தெரிந்தது.

சீடன் கிண்ணத்துத் தண்ணீரைச் சத்தமில்லாமல் மணலில் ஊற்றினான். மேசைத் துணிக்குக் கீழே இரண்டு செம்புகள். வலது பக்கத்துச் செம்பிலிருந்து கிண்ணத்தை நிரப்பினான். தீர்க்கதரிசி ஜெபத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"உது சுண்ணாம்புத் தெளிவடி" என்றாள் நாகேஸ்வரி, காதுக்குள். "லேஞ்சியிலை மஞ்சள். எங்கடை வீட்டிலை மாப்பிளை வந்தால் சுத்திற ஆலாத்தித் தண்ணி!"

மார்கிரட் வீட்டில் ஆலாத்தி இல்லை. அஞ்ஞான வழக்கம் என்று பாட்டன் காலத்திலேயே விட்டாயிற்று. மஞ்சளைத் தெரியும், சுண்ணாம்பைத் தெரியும். இரண்டும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அந்தச் சபையில் யாரும் பார்த்ததில்லை.

ஆமென் வருமுன் மார்கிரட் மேசையடிக்குப் போய்விட்டாள். தட்டிலிருந்த தோட்டை எடுத்து முடிந்தாள். ஒரு கையில் தன் மஞ்சள் லேஞ்சி, மறு கையில் வலது செம்பு. காணிக்கையாய் வந்த ஆடு ஒன்று பந்தல் கப்பில் கட்டியிருந்தது. அதன் கழுத்தில் லேஞ்சியைக் கட்டிச் செம்பில் பாதியை ஊற்றினாள்.

ஆட்டின் கழுத்து இரத்தமாய்ச் சிவந்தது.

"எல்லாரும் கண்ணைத் திறவுங்கோ! ஆடு முத்திரை பெற்றிட்டுது. ஐயா, இது ஒருவர் எண்டுதோ, மூவர் எண்டுதோ? ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ."

முதலில் சிரித்தவள் கடலைக்காரி.

"அப்பாலே போ சாத்தானே!" தீர்க்கதரிசி கையை உயர்த்தினார். "கண் திறந்த இடத்தில் ஆவி இறங்காது!"

"கண் திறந்திருக்கேக்கை இறங்கிறதெண்டால் இறங்கட்டும். இல்லாட்டி எங்களுக்கு வேண்டாம்" என்றாள் மார்கிரட்.

பழைய கோயில் மூப்பர் எழும்பினார். அவர் லேஞ்சியும் மஞ்சள்தான். மூன்று நாளாய்ச் சாப்பாடு இறங்காமல் இருந்தவர். "பிள்ளை, என்ரை லேஞ்சிக்கு மற்றச் செம்பை ஊத்து பாப்பம்." ஊற்றினாள். மஞ்சள். "இப்ப ஆட்டுக்கு ஊத்தின செம்பிலை மிச்சத்தை ஊத்து." ஊற்றினாள். சிவப்பு. அக்கினிக் கடலில் கிடந்த மூப்பர் அரைச் செம்புத் தண்ணீரில் கரையேறினார்.

அதற்குள் பத்மு தீவுக்காரர் நகை மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளுவை வேலி பாய்ந்தார். பொன் பாரம் எழும்பவிடாது என்று அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அங்கி முள்ளில் கொளுவ, பாதி இங்கும் பாதி அங்குமாய்த் தொங்கினார். ஒருவர் கட்சி காலைப் பிடித்தது, மூவர் கட்சி தாடியைப் பிடித்தது. இத்தனை வருஷத்தில் இரண்டு கட்சியும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அது. தாடி கையோடு வந்துவிட்டது.

தானியேல் மாட்டை அவிழ்த்துக்கொண்டு தலை குனிந்து வந்தான்.

"அப்ப உலகம் எப்ப முடியுமாம்?"

"மடி முட்டி நிக்கிற மாட்டைக் கறக்காட்டி அதுக்கு இண்டைக்கே முடியும். நடவுங்கோ. பால் கறந்து, சோறும் நீங்களே ஆக்கிப்போட்டு என்னையும் கூப்பிட்டுத் தாங்கோ. மஞ்சள் கை இண்டைக்கு அடுப்படிக்கு வராது."

அவன் மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றினான். நடந்தான்.

நாகேஸ்வரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னடி சனம் நீங்கள்! ஆலாத்தித் தண்ணிக்கு ஏமாந்த ஆக்கள்! எங்கடை ஆக்கள் உப்பிடி ஏமாறாயினம்."

மார்கிரட் தோட்டைக் காதில் பூட்டிக்கொண்டே கேட்டாள்.

"போன ஆடியிலை உங்கடை வீட்டிலை பேய் கழிச்ச பரியாரி, சட்டி நிறையப் பேயின்ரை இரத்தம் எண்டு காட்டினவரெல்லோ? ஒரு சேவலும் வெட்டேல்லை எண்டு நீங்களே சொன்னனீங்கள். அது எப்பிடியக்கா சிவந்தது?"

நாகேஸ்வரியின் சிரிப்பு பாதியில் நின்றது. வீடு வரை விறுவிறென்று முன்னால் நடந்தாள். படலையடியில் நின்று, "பொறு, அந்தப் பரியாரி நாளையிண்டைக்குத் திரும்ப வாறன் எண்டவன்" என்றாள். "வரட்டும்."

அடுத்தவன் சாமியாரின் குட்டை உடைக்க ஊரில் எல்லோருக்கும் மூளை இருக்கிறது. அதில் ஒரு சொட்டை உங்கள் வீட்டுச் சாமியாருக்கும் செலவழித்துப் பாருங்கள், ஐயாமாரே. ஒன்றும் குறைந்துவிடாது.