நிதித் திட்டமிடுநர் ஆன எறும்புத்தின்னி

ஒரு காட்டில், வருமான வரிக் கணக்கெல்லாம் தாக்கல் செய்து முடித்து, மிருகங்கள் மறுபடி நிம்மதியாக ஒன்றையொன்று தின்னத் தொடங்கியிருந்த பருவத்தில், கோமதிநாயகம் என்றொரு எறும்புத்தின்னி கணக்காளராகத் தொழில் செய்துவந்தார்.

நல்ல கணக்காளர். யானைக் கூட்டத்தின் தீனிச் செலவு, தேனீக்களின் ஜிஎஸ்டி, புலியாரின் விருந்தினர் செலவு எல்லாம் அவர் பார்வைக்குத்தான் வரும். அந்த விருந்தினர்கள் யாரும் திரும்பிப் போனதாகப் பதிவு இல்லை என்பதை ஒவ்வொரு வருஷமும் அடிக்குறிப்பில் பணிவாகச் சொல்லிவிடுவார். போன காலத்துச் செலவைப் பற்றி எது கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது.

அவருடைய இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, செதில் பந்தாகச் சுருண்டுவிடுவார்கள். கோமதிநாயகம் வரித்துறை நோட்டீஸ் வந்தால் சுருள்வார். மாமியார் வந்தால் சுருள்வார். மற்ற நேரங்களில் சராசரிக்கும் அதிகமாகப் பேசுவார்.

ஒருநாள் அவரிடம் சௌந்தரம் என்ற மலையணில் வந்தாள். கணவன் இல்லை. பிள்ளைகள் கடற்கரைப் பக்கத்து முந்திரிக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் காட்டில் முந்திரிதான் காசு. சௌந்தரம் அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, மயில்வாகனம் ஒரு திட்டம் சொல்லுதாரு. சாரல் பிடிக்கதுக்கு முன்னால போட்டா, மழை விட்டதும் ரெண்டு மடங்காத் தருவாராம். போடட்டுமா?"

மயில்வாகனம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மயில்தான். காட்டின் முதலீட்டு முகவர். தோகையை விரித்தால் ஒவ்வொரு இறகின் நுனியிலும் ஒரு வட்டம். "அம்புட்டும் பூஜ்யம். முன்னால ஒரே ஒரு எண்ணை நீங்க வச்சாப் போதும்" என்பார். இதுவரை யாராவது முந்திரியைத் திரும்ப வாங்கினார்களா என்று கேட்டால், எல்லாரும் திருப்தியாகி மறுபடியும் போட்டுவிட்டார்கள் என்பார். இதில் அவர் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. அவர் தோகையைப் பார்த்து அவரே மயங்கியிருந்தார்.

சௌந்தரம் கேட்டு முடிக்கும் முன்பே கோமதிநாயகம் சொல்லிவிட்டார். "போடாதீங்க. சுத்த மோசம். மூளை உள்ளவன் எவனும் போடமாட்டான்."

சௌந்தரத்தின் வால் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. "அப்பம் எனக்கு மூளை இல்லங்கியளோ?"

"அப்படிச் சொல்லலை தாயி..."

"நீங்க கணக்கு. போன வருஷம் நான் என்ன தின்னேன்னு சொல்லுவீய. அவரு திட்டம். வார வருஷம் நான் எப்படி இருப்பேன்னு சொல்லுதாரு. அவரு போர்டுல தங்க எழுத்து மின்னுது. உங்க போர்டுல 'கணக்கு பார்க்கப்படும்'னு கரியால எழுதியிருக்கு." அவள் எழுந்துகொண்டாள். "இந்தச் சாரலுக்கு இனி நேரம் இல்ல, தூத்தல் விழுந்துட்டு. அடுத்த சாரலுக்கு முன்னால இருக்கது முழுசையும் போட்டுருவேன்."

அன்று கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு எறும்புதான் சோறு. தட்டிலிருந்து பாதி நடந்தே போய்விட்டது.

"சரியானதைத்தான் சொன்னேன். ஏன் கேக்கமாட்டேங்கா?" என்றார் மனைவி இசக்கியிடம்.

"நீங்க சொன்னா எங்கம்மா கேக்காளா? அதே மாதிரிதான்" என்றாள் இசக்கி. "நீங்களும் ஒரு தங்க எழுத்து வாங்கிட்டு வாங்களேன்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வனநிதி வாரியம் என்று ஒன்று இருந்தது. பாடங்கள் படித்து, எழுத்துத் தேர்வு எழுதி, கடைசியில் ஒரு வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்து ஆலோசனை சொல்லிக் காட்டினால், 'சான்று பெற்ற நிதித் திட்டமிடுநர்' என்று பட்டம் தருவார்கள். கணக்காளர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. முதல் தாள்கள் எழுத வேண்டாம், நேரே கடைசித் தாளை எழுதிவிட்டு நேர்முகத்துக்குப் போகலாம்.

சலுகையை வாங்க கோமதிநாயகம் கியூவில் நின்றார். அவருக்கு முன்னால் ஓர் ஆமை நின்றதால் கியூ நகர்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவழியாகக் கவுன்டரை அடைந்தபோது, உள்ளே இருந்த கருமந்தி அவருடைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"பிறப்புச் சான்றிதழ்ல 'அழுங்கு'ன்னு இருக்கு. கணக்காளர் சான்றிதழ்ல 'எறும்புத்தின்னி'ன்னு இருக்கு. இது ரெண்டு மிருகம்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். எங்க இனத்துக்கு ரெண்டு பேரு."

"அதை நீங்க சொன்னா ஆச்சா?"

"பின்னே யாரு சொல்லணும்?"

"நோட்டரி."

நோட்டரி ஒரு மரங்கொத்தி. அழுங்காகிய நானும் எறும்புத்தின்னியாகிய நானும் ஒருவரே என்று கோமதிநாயகம் உறுதிமொழி எழுதிக் கொடுக்க, மரங்கொத்தி அதில் டக்டக்கென்று முத்திரை குத்தி ஓட்டையாக்கிக் கொடுத்தது. ஓட்டை விழுந்த காகிதம் செல்லாது என்றது கருமந்தி. இந்த அலைச்சலுக்கு அந்த முதல் தாள்களை எழுதியே தொலைத்திருக்கலாம் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றிய அன்று, சலுகை கிடைத்துவிட்டது.

பிறகு படிப்பு. ஓய்வுக்காலம், காப்பீடு, இடர், பிள்ளைகளின் மேற்படிப்பு, உயில் என்று தடித் தடியான புத்தகங்கள். பகலெல்லாம் யானைக் கணக்கு, மாலையில் வரப்போகும் காலத்தின் கணக்கு. இசக்கி கேள்வி கேட்பாள், அவர் பதில் சொல்வார். ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. கோமதிநாயகம் உட்கார்ந்து அந்தக் கறையானைத் தின்றார். பாடம் எப்படியோ உள்ளே போனது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்.

கடைசியில் நேர்முகக் கட்டம். தேர்வாளர் மங்கையர்க்கரசி அம்மையார், ஒரு நாரை. ஒற்றைக் காலில் நின்றபடி மீனுக்காகக் காத்திருந்து பழகியவர். எதற்கும் அவசரமே இல்லை. அவரே வாடிக்கையாளராக நடிப்பார்.

"நான் ஒரு மான். எனக்கு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"புல்வெளியை வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க" என்றார் கோமதிநாயகம்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்."

புல்வெளிதான் கேள்வி. விடையும் சரி. ஆனாலும் தோல்வி. முடிவுத் தாளில், 'வாடிக்கையாளரைப் பேசவிடவில்லை' என்று எழுதியிருந்தது.

கோமதிநாயகம் ஊருக்குத் திரும்பி, சரியான விடைக்கு மதிப்பெண் கொடுக்காத படிப்பும் ஒரு படிப்பா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பொருமினார். மறுதேர்வு சாரலுக்குச் சற்று முன்னால்தான் வந்தது. அதற்குள் சௌந்தரம் இருக்கும் கிளையில் விரிசல் விழுந்திருக்கிறது என்று காது வழியாகச் செய்தி வந்தது. மயில்வாகனம் அவள் மரத்தடியில் தினமும் ஆடுகிறார் என்றும் வந்தது.

இரண்டாம் முறை மங்கையர்க்கரசி அம்மையார் யானையாக நடித்தார்.

"எனக்கு வயசாகிவிட்டது. இனிமேல் மரம் தள்ள முடியாது. சேர்த்து வைத்த கரும்பு தீருமுன் நான் போவேனா, நான் போகுமுன் கரும்பு தீருமா?"

பேசினால் தோல்வி என்பது கோமதிநாயகத்துக்கு நினைவு வந்தது. பேசாவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. ஒருவேளை அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருக்கலாம். இந்த முறையும் தோற்றால் சாரல் வந்துவிடும், சௌந்தரத்தின் முந்திரி போய்விடும். தலை தானாக வயிற்றுக்குள் போனது. வால் வந்து மூடியது. பந்தாகிவிட்டார்.

அம்மையார் காத்திருந்தார். காலை மாற்றினார். மறுபடி காத்திருந்தார்.

"என் மகன் தனி மந்தை போய்விட்டான்" என்றார் கடைசியில். "வரச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சம்."

பந்து அசையவில்லை.

"உண்மையில் எனக்கு மகன் இல்லை, மகள். வேடந்தாங்கல் பக்கம் இருக்கிறாள். கரும்பும் இல்லை, மீன்தான். குளம் வற்றிக்கொண்டு வருகிறது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை..." அம்மையார் யானையை மறந்துவிட்டார். நெடுநேரம் பேசினார். கொஞ்சம் அழுதார். ஓய்வு பெற்றதும் மகளிடமே போய்விடுவது என்று அவராகவே முடிவு செய்தார். அலகைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்.

'இத்தனை ஆழமாகச் செவிமடுக்கும் திட்டமிடுநரை வாரியம் இதுவரை கண்டதில்லை.'

ஊர் திரும்பியதும் இசக்கி தங்க எழுத்தில் போர்டு மாட்டினாள். மழை மேகம் மலையில் இறங்கிவிட்டிருந்தது. அதே வாரம் சௌந்தரம் மூட்டையோடு வந்தாள். மயில்வாகனத்திடம் போகும் வழி அதுதான்.

"போர்டைப் பாத்தேன் அண்ணாச்சி. அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். போடட்டுமா?"

'போடாதீங்க' என்ற சொல் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. எறும்புத்தின்னியின் நாக்கு எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பு இதைச் சொல்லித்தான் அவளை விரட்டினார். இப்போது சொன்னால் எழுந்து போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். மூட்டையைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். பந்தாகிவிட்டார்.

சௌந்தரம் பந்தைப் பார்த்தாள். படித்தவர்கள் யோசிக்கும் முறை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு மடங்கு வந்தா என்ன செய்வேன்னு கேக்கீயளா?" என்றாள். அவர் கேட்கவில்லை. "ஆத்தங்கரை மருத மரத்துல ஒரு பொந்து காலியா இருக்கு. அதை வாங்கணும். எங்கிளை ராத்திரிக்கெல்லாம் கிறீச்சு கிறீச்சுங்கு. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. பிள்ளைய கிட்ட சொல்லல. சொன்னா வேலையை விட்டுட்டு ஓடியாந்துரும்."

செதிலுக்குள் கோமதிநாயகத்தின் கண் கலங்கியது. அது வெளியே தெரியவில்லை.

"இப்பம் கையில இருக்கது பொந்துக்குச் சரியாப் போயிரும். ரெண்டு மடங்கு ஆனா பொந்து போக மிச்சமும் இருக்கும்லா, அதான் பாத்தேன். மழை விட்டதும் தந்துருவாரு..." அவள் நிறுத்தினாள். "மழை விட்டதும்."

மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மழைக்குத்தான எனக்குப் பொந்து வேணும்? மழை முழுக்க நான் உடைஞ்ச கிளையில நனைஞ்சுக்கிட்டு இருக்க, என் முந்திரி அவரு வீட்டுல நனையாம இருக்குமா? நல்லா இருக்கே கதை!" எழுந்து நின்றாள். "இப்பிடி விளக்கமா எனக்கு யாருமே எடுத்துச் சொன்னதில்ல அண்ணாச்சி. படிச்சவுக படிச்சவுகதான்."

கட்டணத்தை வைத்துவிட்டு, மூட்டையோடு ஆற்றங்கரைப் பக்கம் ஓடினாள்.

கோமதிநாயகம் மெதுவாகப் பிரிந்து தலையை நீட்டினார். "இசக்கி, நான் ஒண்ணுமே சொல்லலையே. இதுக்குக் காசு வாங்கலாமா?"

"போன வருஷம் சொன்னதுக்கு வாங்கலைலா" என்றாள் இசக்கி. "ரசீதைப் போடுங்க."

சாரல் பிடித்தது. சௌந்தரத்தின் பழைய கிளை ஒடிந்து விழுந்தது. அவள் மருத மரப் பொந்தில் வாலைப் போர்த்திக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாச்சி சொன்ன அறிவுரையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அது நீண்டுகொண்டே போனது.

அதைக் கேட்டு மற்ற மிருகங்களும் வந்தன. காட்டுப்பன்றி வந்து, தன் கடனுக்குக் காரணம் தன் தம்பியில்லை, தானே என்று கண்டுபிடித்துக்கொண்டு போனது. மிளா மான் உயில் எழுதப் போனது. மழை நின்றபோது மயில்வாகனமே வந்தார். அது இறகு உதிரும் காலம். தோகை பாதிதான் இருந்தது.

"வேய், உண்மையைச் சொல்லும். அந்தச் சௌந்தரத்துக்கிட்ட என்ன சொன்னீரு?"

"ஒண்ணும் சொல்லல."

"தொழில் ரகசியம். சொல்லமாட்டீரு. சரி, அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் எங்க கிடைக்கும்?"

மயில்வாகனமும் சேர்ந்தார். எழுத்துத் தேர்வில் முதல் ஆளாகத் தேறினார். நேர்முகத்தில் மட்டும், எதிரில் ஆள் உட்கார்ந்ததும் தோகை தானாக விரிந்துவிடுகிறதாம். இன்னும் மறுதேர்வுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

*

நீதி: வாய்க்கு வந்ததைச் சொல்ல எந்தப் படிப்பும் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து அதற்குக் கட்டணமும் வாங்க வேண்டுமென்றால், அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தின் சான்றிதழ் கட்டாயம் வேண்டும்.